மூன்று நொடிக் கரடி

கோடியாக் தீவில் ஆற்றோர முகாமில் மீன் எண்ணும் வேலைக்கு எண்ணத் தெரிகிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. கரடியைச் சுடத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அட்டைக் கரடி ஒன்றைச் சறுக்குவண்டியில் நிறுத்திக் கயிறு கட்டி இழுப்பார்கள். இருபத்தைந்து தப்படி தூரத்தை அது மூன்றே நொடியில் கடந்து வந்துவிடும். அதற்குள் அதன் நெஞ்சில் வரைந்த வட்டத்துக்குள் மூன்று தோட்டா பாய வேண்டும். வாய்ப்பு இரண்டு. தவறினால் கோடை முழுக்க மீன் ஆலையில் குடல் உருவ வேண்டியதுதான்.

மார்ஃபா ஏற்கெனவே இரண்டு கோடை உருவியிருந்தாள். தெருப் பூனைகள் அவளைக் குடும்பத்தோடு பின்தொடர்ந்தன.

தேர்வன்று பெரியப்பா மகன் ஓலி அவளுக்காகத் தன் நாற்பத்துநாலு மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்திருந்தான். குழல் மட்டுமே முழங்கை நீளம். பன்னிரண்டு வருடத்தில் அது சுட்டு வீழ்த்தியது ஓலியின் சொந்தப் படகை மட்டும்தான்.

"இதுல ஒண்ணு போதும்டி. கரடி அங்கயே குப்புற விழுந்துரும்."

"மூணு வேணும்னு சொல்றாங்களே, அண்ணே?"

"அதெல்லாம் சின்னத் துப்பாக்கி வச்சிருக்கிறவங்களுக்குப் போட்ட சட்டம்!"

தேர்வாளர் ஹேசல் விசில் ஊதினாள். கரடி பாய்ந்து வந்தது. மார்ஃபா விசையை அழுத்தினாள். டமார்! ரிவால்வர் வானத்தைப் பார்த்தது. அதைக் கீழே இறக்குவதற்குள் அட்டை மூக்கு அவள் வயிற்றில் முட்டி நின்றது.

"செத்துட்ட," என்றாள் ஹேசல், தாளில் குறித்துக்கொண்டே. "அடுத்த தடவை எதுல சுடப் போற?"

மேசையில் இன்னும் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. மார்ஃபா ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றில் விசைக்கு விரல் எட்டவில்லை. ஒன்று மிகவும் லேசு. உதைத்தால் மணிக்கட்டு கழன்றுவிடும். பத்து மில்லிமீட்டர் பிஸ்டல் மட்டும் கைக்குள் சொன்னபடி கேட்டு உட்கார்ந்தது. பதினைந்து தோட்டா வேறு.

"அய்யய்யோ, அதை வச்சுக்கிட்டு கரடிக்குக் காது குடையப் போறியா?" ஓலி நெஞ்சில் கைவைத்தான். "நம்ம குடும்ப மானம் என்னாகுறது?"

"உன் படகைக் கேளு, சொல்லும்."

விசில். கரடி கிளம்பியது. டப்! குழல் துள்ளி, அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. டப், டப்! மார்ஃபாவுக்குச் சிரிப்பு வந்தது. டப், டப்! அட்டைத் தூள் முகத்தில் தெறித்தது. கரடி நின்றது. அவளும் நின்றுகொண்டிருந்தாள்.

ஹேசல் குனிந்து விரலால் தடவினாள்.

"ஒண்ணு காதுல. அது செல்லாது. ஒண்ணைக் காணவே காணோம்."

"மீதி?" மார்ஃபா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணு... ரெண்டு..." ஹேசல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "இது கோட்டு மேல பட்டிருக்கு."

"கோடு உள்ளயா வெளியயா, அக்கா?"

"உள்ள. காலைல ஆறரைக்கு முகாமுக்கு விமானம். ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கோ."

மார்ஃபா போட்ட கூச்சலில் ஓலி கையிலிருந்த ரிவால்வரை நழுவவிட்டான். நல்லவேளை, அதில் தோட்டா இல்லை.