தூங்கியவரின் நெற்றியில் எண்ணெய்

1

இந்தக் கதை என் வீட்டுக்காரர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூங்கி எழுந்து, நெற்றியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா அக்னஸ், நெத்தியில பிசுபிசுன்னுது?" என்றார். உடனே பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலுக்கு முன்னால் நடந்ததையும் பின்னால் நடந்ததையும் எழுதத்தான் மாதக்கணக்கில் முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன்.

பெயர்களை மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன். வளனை அருளப்பன் ஆக்கினேன். அருளப்பன் ரொம்ப ஒழுங்கான மனுஷராகிவிட்டார், குறட்டையே விடமாட்டேன் என்கிறார். அதனால் வளன் வளனாகவே இருக்கட்டும். நான் அக்னஸ். திண்டிவனத்தில் தமிழ் டீச்சர். எப்போதாவது பத்திரிகைகளில் கதை எழுதுவேன். (குடும்பத்தில் எனக்கிருக்கும் கெட்ட பெயருக்குக் காரணம் இந்தக் கடைசி வேலைதான்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

வளனுக்கு மூச்சு நின்றபோது ஊரில் கரண்ட் இல்லை. நிலாவும்

வேண்டாம். நடந்தது பட்டப்பகலில். நிலாவை எதற்கு இழுக்கிறேன்?

இரண்டாவது முயற்சி:

1993இல் என் மாமனார் தொம்மை, பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு

இதையும் விடுகிறேன். எடுத்த எடுப்பிலேயே அழவைத்தால் நீங்கள் கைக்குட்டையோடு உட்கார்ந்துவிடுவீர்கள், இடையில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க மாட்டீர்கள். ஆனால் அந்த மாஸ்க்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்ட பிறகு தொம்மை வீடு திரும்பவில்லை. சில வருஷம் கழித்து வளனின் சித்தப்பாவும் திரும்பவில்லை. அந்தக் குடும்பத்துக்கு மாஸ்க் என்றால் சவப்பெட்டிக்கு முந்தின சாமான்.*

* வாக்கியத்தை அங்கங்கே அறுத்து விடுவது மூச்சு நிற்பதைக் காட்டும் உத்தி என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எனக்கு எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

3

மாமனார் போன அதே வருஷம் எங்களுக்குக் கல்யாணம். குறட்டையைப் பற்றி எனக்குப் புகாரில்லை. எங்கள் அப்பாவும் விடுவார். புகாரெல்லாம் குறட்டை நிற்கிறபோதுதான். ரயில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் திடீரென்று இருக்காது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கப் பார்க்கும், காற்று போகாது. நான் உலுக்குவேன். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினவர் போல ஒரு பெருமூச்சு விடுவார். அப்புறம் மறுபடியும் ரயில்.

காலையில் சொன்னால், "கதை கட்டாத அக்னஸ்" என்பார். கோபமாகக்கூட இல்லை. செல்லமாகத்தான் சொல்வார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தூக்கத்தில் மூச்சு நிற்கிறவருக்குத்தான் அந்த விஷயம் தெரியாது. வீட்டில் மற்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கு என்ன நடந்தது என்பதை இன்னொருவர் வாயால்தான் அவர் கேட்டாக வேண்டும். கதாபாத்திரத்தின் நிலைமையும் இதுதான். சொல்கிறவரை நம்பினால் உண்டு. என் வீட்டில் சொல்கிறவள் கதை எழுதுகிறவளாகப் போய்விட்டாள். ஒரு தையல்காரியாக இருந்து சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ.

4

வளனுக்கு வேலை விழுப்புரத்தில். சீசன் டிக்கெட்டில் தினமும் ரயில். சாயங்காலம் திண்டிவனத்தில் இறங்க வேண்டியவர் செங்கல்பட்டில் கண் விழித்து போன் பண்ணுவார். "தூங்கிட்டேம்மா. நீ சாப்பிட்டுடு." ஸ்டேஷன் பெஞ்சில் தூக்கம், கோயிலில் பிரசங்கத்தில் தூக்கம். (பிரசங்கத்தில் தூங்குவதை நோய்க்கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.) 2012இல் ஒரு நாள் டிவிஎஸ்ஸை ஓட்டிக்கொண்டே தூங்கி, மேம்பாலத்தின் கீழே விழுந்தார். பின்னால் லாரி வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி, ஒரே பத்தியில் முடிந்திருக்கும்.

அப்புறம்தான் டாக்டர். தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது, இப்படியே விட்டால் இருதயம் தாங்காது, தினமும் சீபேப் மிஷின் வைத்துத்தான் தூங்க வேண்டும் என்றார் டாக்டர். வளன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். பத்தொன்பது வருஷமாக நான் சொன்னதை நம்பாதவர், ஒரே ராத்திரியில் ஒயர் சொன்னதை நம்பிவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பற்றிக்கொண்டு வந்தது.

மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து பழக்கியவர் சீனுவாசன் என்ற டெக்னீஷியன். மூக்குக்கு மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், கட்டிலோரம் சின்னப் பெட்டி.

"இது ஆக்ஸிஜன் இல்ல சார். சாதாரண காத்துதான். தொண்ட மூடிக்காம காத்து தள்ளிப் புடிச்சிக்கினு இருக்கும். மூக்காலயே மூச்சு விடுங்க, வாயத் தொறக்காதீங்க. மொதல்ல பகல்ல போட்டுக்கினு டிவி பாருங்க, பழகிடும். மேடம், கரண்ட் போச்சுன்னா மாஸ்க்க ஒடனே கழட்டிடணும். ஒரு மாசம் பாருங்க. ஒத்து வரலன்னா நானே வந்து எடுத்துக்கறேன்."

போகும்போது என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார். "புடிச்சிக்கிச்சின்னா கொஞ்ச நாளைக்கு இடி இடிச்சாலும் எழுந்திருக்க மாட்டாரு மேடம். பழைய தூக்கம்லாம் சேத்து வெச்சி தூங்குவாரு. பயப்படாதீங்க."

பிடித்துக்கொள்ளவில்லை. முகத்தில் மாட்டியதும் வளனுக்கு அவர் அப்பா முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. தூக்கத்திலேயே பிய்த்து எறிந்தார். "என்ன கட்டில்ல போட்டு மூடறா மாதிரி இருக்குது" என்றார். மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தினமும் ஒரு தடவை சொன்னார். ஒரு மாதம் கரைந்துகொண்டிருந்தது. கொடுத்துவிட்டால் பழைய ரயில், பழைய மேம்பாலம்.

5

இங்கே அமல்ராணி வர வேண்டும். வளனின் அக்கா, எனக்கு நாத்தனார், மயிலத்தில் இருப்பவர். முதல் வரைவில் இவரை ஒரு கோமாளியாக எழுதியிருந்தேன். ஓடுவார், அலறுவார், எல்லாவற்றையும் தப்பாகப் புரிந்துகொள்வார். படிக்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் அடித்துவிட்டேன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் தொம்மை பிடித்திருந்த கை இவருடையதுதான். அம்மா இல்லாத வளனுக்குச் சோறூட்டி வளர்த்ததும் அதே கை. அவர் பார்த்ததைப் பார்த்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

6

அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வைத்துத்தான் ஊரே பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் வந்தது. ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடி வளனைக் கூடத்துக் கட்டிலில் சாய்த்து, டிவியைப் போட்டு, மாஸ்க்கை மாட்டிவிட்டேன். கரண்ட் இருக்கும்போதே கேப்பை அரைத்து வரலாம் என்று மாவு மில்லுக்கு ஓடினேன். மில்லில் கூட்டம். ஊரே தகர டின்னோடு நின்றது.

நான் இல்லாதபோது நடந்ததை எதிர்வீட்டு வேணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமல்ராணி மயிலம் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. உள்ளே தம்பி, மூக்கில் மாஸ்க், குழாய், கைகால் அசைவில்லை. தொட்டிருக்கிறார், கூப்பிட்டிருக்கிறார், எழவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனையில் ஃபாதர் தங்கியிருக்கும் சாமியார் வீட்டுக்கு ஓடி, "எந்தம்பிக்கு ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க சாமி, அவஸ்தை பூசணும்" என்று கூட்டி வந்துவிட்டார்.*

 * அவஸ்தை: சாகக் கிடப்பவர்களுக்குக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிப்பது. கோயிலில் இப்போது நோயில்பூசுதல் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் ஜனம் இன்னும் அவஸ்தை என்கிறது. அவஸ்தை பூசியாயிற்று என்றால், வெளியூர்ச் சொந்தத்துக்கு போன் போகும்.

மாவு டின்னோடு நான் வாசலில் கால் வைத்தபோது ஸ்டூலில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அமல்ராணி முழங்காலில் இருந்தார். வேணி சுவரோரம் கைகூப்பி நின்றது. புதிதாக வந்திருந்த இளம் ஃபாதர் வளனின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசிவிட்டு, கட்டைவிரலில் எண்ணெயோடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். வளன் தூங்கினார். மாஸ்க்கைப் பிய்க்காமல், நெற்றி சுருங்காமல் தூங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. பிடித்துக்கொண்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. மிஷினின் ஸ்ஸ் என்ற சத்தமும் நின்றது.

"போய்ட்டான்" என்றார் அமல்ராணி, ரொம்ப மெதுவாக.

டின்னைப் போட்டுவிட்டு ஓடி மாஸ்க்கைக் கழற்றினேன். வாய் பிளந்தது. குறட்டை கிளம்பியது. ஃபாதர் ஒரு அடி பின்னால் போனார். வேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குறட்டை நின்றது.

நெஞ்சு தூக்கியது. காற்று போகவில்லை. மறுபடியும் தூக்கியது. போகவில்லை. உதடு கறுத்தது. நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் ஜெபம் சொல்லவில்லை. நான் தோளைப் பிடித்து உலுக்கியதும் அந்தப் பெருமூச்சு வந்தது. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மறுபடியும் தூக்கத்தில் விழுந்தார்.

முதல் தடவையாக எனக்குச் சாட்சி கிடைத்தது. ஒன்றல்ல, மூன்று. அதில் ஒருவர் குருவானவர்.

7

சாட்சிகளை வாயை மூடச்சொல்லி நானே கெஞ்ச வேண்டியிருந்தது. சமையலறையில் நின்று பேசினோம். இன்றைக்குத்தான் முதல் தடவையாக மாஸ்க்கைப் பிய்க்காமல் தூங்கியிருக்கிறார், அதைப் போட்டதால் அவஸ்தை பூசிவிட்டார்கள் என்று தெரிந்தால் இனி ஜென்மத்துக்கும் தொடமாட்டார் என்றேன்.

"அவரு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேம்மா" என்றார் ஃபாதர். "கேக்காத வரைக்கும் நானா சொல்லவும் மாட்டேன்." நல்ல பிள்ளை. வேணி தலையாட்டிவிட்டுக் கீழே கொட்டிய மாவை அள்ளப் போய்விட்டது.

அமல்ராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்னஸு, அப்டிதான் நிக்குமா மூச்சு?"

"ஆமா அண்ணி."

"தெனமுமா?"

"தெனமும்தான். ஒவ்வொரு வாட்டியும் தட்டி எழுப்பிக்கினுதான் இருப்பேன்."

"அப்ப நீ எப்பம்மா தூங்குன?"

பத்தொன்பது வருஷத்தில் டாக்டர் கேட்கவில்லை, சீனுவாசன் கேட்கவில்லை, என் அம்மா கேட்கவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். (இந்த இடத்தை அழகாக எழுத நிறையப் பார்த்தேன். அழுதேன் என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை.) அண்ணி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "என் தம்பி உசுரோட இருக்கற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்" என்றார்.

8

வளன் எழுந்தார். நெற்றியைத் தடவினார். அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஒரு முடிவு: தேங்காயெண்ணெய் என்று சொல்கிறேன். சரி என்கிறார். கதை முடிந்தது. ஆனால் அவர் தூக்கத்தைப் பற்றி நான் இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை. ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு முன் சொன்ன அத்தனையும் கெட்டுப்போகும்.

இன்னொரு முடிவு: உண்மையைச் சொல்கிறேன். நம்புகிறார். சீனுவாசன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார். ஒரு நாள் சாயங்காலம் மேம்பாலத்துக்குக் கீழே

எழுத மாட்டேன். என் கையால் அதை எழுத மாட்டேன்.

நடந்தது: உண்மையைச் சொன்னேன். அத்தனை பேரையும் வாயடைத்துவிட்டு நானே உளறினேன் என்று நீங்கள் திட்டலாம். என்னவோ, அந்த நேரத்தில் வேறெதுவும் வாயில் வரவில்லை. "உங்க அக்கா வந்து, ஆக்ஸிஜன் வெச்சிருக்குன்னு நெனச்சிக்கினு, ஃபாதர கூட்டியாந்து உங்களுக்கு அவஸ்தை பூசிட்டாங்க" என்றேன்.

வளன் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கதை கட்றதுக்கு ஒரு அளவு வாணாமா அக்னஸ்?"

டீயோடு வந்த அமல்ராணியைத் திரும்பிப் பார்த்து, "ஏங்க்கா, ஒன் வேளாங்கண்ணி எண்ணெய எந்தலையில கொட்டிட்டியா?" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். தம்ளரைத் தம்பி கையில் கொடுத்தார்.

"ஆமாண்டா" என்றார்.

டீயைக் குடித்துவிட்டு, "இன்னாமோ அக்னஸ், ஒடம்பு லேசா இருக்குது. ராத்திரிக்கும் அத்த மாட்டிப் பாக்கறேன்" என்றார் வளன். மாட்டினார். மறுநாளும் மாட்டினார். மாதம் முடிந்து சீனுவாசன் வந்தபோது பெட்டியைக் கொடுக்கவில்லை. அப்புறம் இன்வெர்ட்டர் வாங்கினோம்.

மூச்சு நிற்கிறது என்றபோது என்னை நம்பாததால் மேம்பாலம்வரை போனார். அவஸ்தை பூசினார்கள் என்றபோது என்னை நம்பாததால் உயிரோடு இருக்கிறார். இதற்குச் சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

9

முடிவை நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது.

என் கதைகளை வளன் அச்சில் வந்த பிறகுதான் படிப்பார். இதையும் படிப்பார். அறுந்த வாக்கியம், அடைப்புக்குறி, அடிக்குறிப்பு, இரண்டு மூன்று முடிவு என்று நான் இவ்வளவு ஆட்டம் ஆடியது எதற்கென்று நினைக்கிறீர்கள்? பார்த்ததும் இது ஜோடனை என்று அவருக்குப் பட வேண்டும். அப்புறம் எதற்கு எழுதினாய் என்று கேட்பீர்கள். யாராவது ஒருவர் என்னை நம்ப வேண்டும் என்றுதான் எழுதினேன். நீங்கள் நம்புகிறீர்கள் இல்லையா?

அப்படியென்றால் எனக்கு ஒரு உபகாரம். அவர் இப்போதெல்லாம் ரயிலில் தூங்குவதில்லை. விழுப்புரம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார். பையிலிருந்து பத்திரிகையை எடுத்து, "எங்க வீட்ல எழுதனதுங்க. தூங்கறவனுக்கு அவஸ்தை பூசனாங்களாம். இப்டிலாம் நடக்குமா, நீங்களே சொல்லுங்க?" என்று கேட்பார். அந்தப் பக்கத்து சீட்டில் நீங்கள் இருந்தால், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"கதைதானேங்க" என்று சொல்லுங்கள்.