ஐந்தடி இரண்டங்குலம்

ரெஜிலாவுக்கு வேண்டியிருந்தது டாக்டர் ஷாஜனின் கையால் ஒரே ஒரு வரி.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அவள் கணவன் ஜான்ரோஸ், நிமோனியா முற்றி, நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் வென்டிலேட்டரில் மூன்று நாள் கிடந்து இறந்தான். இரண்டு நுரையீரலும் கிழிந்திருந்தன. ரெஜிலா மஸ்கட்டில் ஐசியு நர்ஸ். இயந்திரம் ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்றை எடையைப் பார்த்து வைக்கக் கூடாது, உயரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். ஆள் பருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. ஜான்ரோஸ் குட்டை, தொண்ணூறு கிலோ. முதல் நாளே, சிகிச்சை பார்த்த ஷாஜனிடம் போனில் கேட்டாள்: “உயரம் அளந்தியளா?”

“எல்லாம் பாத்துக்கிடுதோம் சிஸ்டர்.”

அடக்கத்துக்குப் பின் கிடைத்த கேஸ் ஷீட்டில் காற்று அறுநூறு மில்லி, உயரம் நூற்று எண்பது சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஆறடி. அறுநூறைச் சரியென்று காட்ட அந்த உயரம் வேண்டும். எழுதியவர் கையெழுத்து இல்லை. விசாரணை வந்தால் ஏதாவது ஒரு நர்ஸின் தலையில் கட்டிவிடுவார்கள்.

அவள் புகார் கொடுத்த மறுவாரம், ஷாஜன் சபைப் போதகரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“வாபஸ் வாங்கிரு மக்களே,” என்றார் போதகர்.

“வாங்குதேன் பாஸ்டரே. அளந்துதான் காத்து வச்சோம்னு டாக்டர் ஒரு வரி எழுதித் தரட்டும். மனசு ஆறும்.”

ஷாஜனின் முகம் தெளிந்தது. ‘உயரம் 180. நானே அளந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். ரெஜிலா அதைப் படமெடுத்து வக்கீலுக்கு அனுப்பினாள். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, “ஞானசிங் அண்ணா, வாங்க,” என்றாள்.

சவப்பெட்டி செய்யும் ஞானசிங் நோட்டைப் பிரித்துக்கொண்டே வந்தார். “ஜான்ரோஸ். அஞ்சடி ரெண்டங்குலம். பெட்டிக்கு அகலம்தான் கூட்ட வேண்டி வந்தது.”

“அவர அளந்த ஒரே ஆளு இந்த அண்ணன்தான்,” என்றாள் ரெஜிலா.

“வாக்கு குடுத்தியே?” என்றார் போதகர்.

“பொய்தான் பாஸ்டரே. அதுக்கு நான் ஜெபிச்சுக்கிடுதேன்.”

ஷாஜன் இடைமறித்தார். “சிஸ்டர், மூச்சுக்குத் தவிச்சுப் படுத்துக் கெடக்கவர எப்படி அளக்க?”

போதகர் திரும்பி அவரைப் பார்த்தார்.

“அண்ணா, நாடாவ எடுங்க,” என்றாள் ரெஜிலா. “டாக்டர், அந்த பெஞ்சுல படுங்க. காட்டித் தாறோம். படுத்தவங்கள அளக்கது லேசு. அவரு மூணு நாளும் உங்க முன்னால அசையாமத்தான் கெடந்தாரு.”

ஞானசிங் நாடாவை விரித்தார்.