மணிக்கட்டு தாங்கும்வரை

ஆனந்தராஜ் வானத்துக்குள் விழுவதற்கு முன் கடைசியாகச் செய்த காரியம், மொட்டைமாடிக் குழாயை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்தது. இறுக்கியும் அது சொட்டியது. பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அவன் மனைவி வினோதா, "இத எப்பதாங்க மாத்துவீங்க? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது" என்றாள். "ஞாயித்துக்கிழம மாத்திடறேன் மே" என்று வழக்கம்போல அவளை 'மே' போட்டுச் சொன்னவன் உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களை மேலே தூக்கினான். கர்நாடக எல்லையை ஒட்டிய பாகலூர் சாலையில் அந்த மாடிவீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, ஷிஃப்டு முடிந்து வந்ததும் தலைகீழாக நிற்பது அவன் வழக்கம். சுவரில் கால் படாமல் நிற்கப் பழகிய பிறகு மணிக்கட்டு குத்த ஆரம்பித்திருந்தது. முதலில் கையை நீவிச் சூடேற்றிக்கொண்டு நில்லுங்கள் என்று அவள் சொன்னால், "கம்பெனியில தினம் காலையில எக்சசைஸ் பண்ண வெச்சுதானே உள்ள விடறாங்க, அது பத்தாதா?" என்பான். கம்பெனிப் பயிற்சி கழுத்துக்கும் இடுப்புக்கும்தான். மணிக்கட்டை அதில் யாரும் சேர்க்கவில்லை. அன்று வலது மணிக்கட்டு சட்டென்று மடங்கியது, தரையைப் பிடித்திருந்த பிடி நழுவியது, கால் இருந்த பக்கமாக ஆனந்தராஜ் விழுந்தான். கொடியில் காய்ந்த லுங்கியைக் கடந்து, செல்போன் டவரைக் கடந்து, ஒரு சத்தமும் போடாமல் போய்விட்டான்.

அன்று காற்று வடக்கே அடித்ததால் அவன் விழுந்தது கர்நாடக வானம் என்று இந்தப் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொன்னார்கள். கிளம்பியது தமிழ்நாட்டுத் தரை என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்கள். கம்பெனி சில வாரம் ஆப்சென்ட் போட்டுப் பார்த்துவிட்டு, அவன் லாக்கரைச் சிவகங்கையிலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கொடுத்தது. காரியம் செய்து படையல் வைத்தபோது காக்கைகள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்தனவே தவிர, ஒன்றும் சோற்றைத் தொடவில்லை. வினோதாவுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. செத்த ஆளுக்கு அழலாம். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டுப் போன ஆளை என்ன செய்வது? அவளும் வேலைக்குத் திரும்பினாள். மின்விசிறி மோட்டார்களுக்கு ஸ்க்ரூ முடுக்கும் லைனில் அவள் வேலை.

அடுத்த தை மாதம், தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் குனிந்து முடியை உதறியபோது, கால்களுக்கு நடுவே தலைகீழாகத் தெரிந்த வானத்தில் அவனைப் பார்த்தாள். வெகு தூரத்தில், அதே நீலப் பனியனோடு, வானத்தைத் தரையாக்கி நின்றிருந்தான். நிமிர்ந்தால் இல்லை. குனிந்தால் எறும்பளவு. கைகளில் நின்று பார்த்தால் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தான், அவளை நோக்கி நடக்கவும் ஆரம்பித்தான். ஆனால் நான்கு எட்டு வைப்பதற்குள் அவள் மணிக்கட்டு வலித்து, பொத்தென்று விழுந்துவிடுவாள். மறுபடி நின்றால் அவன் பழைய தூரத்தில் இருப்பான், முதலிலிருந்து நடப்பான். அவன் முகம் தெரியும் தூரத்துக்கு வரும்வரை ஒரே ஒரு முறை விழாமல் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதுதான் வரவில்லை.

வீட்டுக்காரர் ராமப்பன் மேலே வந்து பார்த்தார். "என்னம்மா, நீயும் மேல போயிட்டா இந்த வீட்டுக்கு யாரு குடி வருவாங்க?" என்றார். அதனால் இடுப்பில் நைலான் கயிறு கட்டி, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் முடிந்துகொண்டாள். அவர் விடவில்லை, சொட்டும் குழாயைக் காட்டினார். "தண்ணி பூரா சொட்டிப் போவுது. பிளம்பரக் கூப்பிடறேன்."

"அவரு மாத்தறேன்னு சொல்லியிருக்காருங்க. நீங்க கை வெக்காதீங்க."

அவள் செய்த தப்பு லைனில் வேலை செய்கிற எவரும் செய்யக்கூடியது. வாரநாளில் விட்டுப்போனதை ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போட்டு ஈடுகட்டினாள். காலையிலிருந்து இருட்டும்வரை நின்று நின்று விழுந்தாள். மறுநாள் மணிக்கட்டு வீங்கி, டீ டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. வீங்கிய கையைப் பிடித்துப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அனிதா கத்தினாள். "எட்டு மணி நேரம் ஸ்க்ரூ முடுக்கற கை. அதுமேல உடம்பையும் தூக்கி வெச்சா அது என்னக்கா, லாரி ஜாக்கியா?"

"அவரு நடந்து வர்றாரு, நான் விழுந்துடறேன். எத்தன தடவதான் திரும்ப நடப்பாரு?"

அனிதாவின் ஊர் காட்டோரத்து ஜவளகிரி. யானை வரப்பு தாண்டியதை யாரோ சொல்லக் கேட்பதுபோல இதையும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாள். "நடக்கட்டும். வேற என்ன வேலை அவருக்கு அங்க?" என்றாள்.

அனிதா சொன்னபடி கோடை முழுக்க வினோதா தலைகீழாக நிற்கவே இல்லை. பிறகு முழங்காலிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, முன்னும் பின்னும் மெல்லச் சாய்ந்தாள். கையைத் திருப்பிப் புறங்கையை வைத்து, வலிக்காத அளவு மட்டும் அழுத்தினாள். மார்பு சுவரைப் பார்க்கத் தலைகீழாக நின்று, பாரம் முழுதும் உள்ளங்கையின் அடியில் இறங்காமல் விரல்களால் தரையைப் பற்றப் பழகினாள். முன்னால் சாய்ந்தால் விரல் நுனிகள் அழுந்திப் பிடித்தன. லைனில் ஸ்க்ரூ வேலை அதிகமான நாளில் நிற்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பயிற்சி. அந்த ஓய்வு நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துக் கழுவினாள். இப்படி இரண்டு மழைக்காலம் போனது. அவன் பாதி தூரம் வந்தான், முக்கால் தூரம் வந்தான், அவள் விழுந்தாள்.

ஒரு புரட்டாசிக் காலை விழவில்லை. விரல்கள் பற்றின, மணிக்கட்டு தாங்கியது, அவன் வந்துகொண்டே இருந்தான். மேகத்தைத் தாண்டி, டவரைத் தாண்டி, அவள் முகத்துக்கு நேராக நின்றான். மூக்கு வெயிலில் கறுத்திருந்தது. சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"இந்தக் குழாய எப்பதாங்க மாத்துவீங்க?"

ஆனந்தராஜ் குழாயை ஒரு பார்வை பார்த்தான். "ஞாயித்துக்கிழம மே" என்றான். பிறகு அவள் கைகளைப் பார்த்து, "ம், நல்லா நிக்கற" என்றான்.

கால்களை ஒவ்வொன்றாக இறக்கி அவள் நிமிர்ந்தபோது, ராமப்பன் படியேறி வந்திருந்தார். "என்னம்மா, குழாயி?"

"ஞாயித்துக்கிழம மாத்தறேன்னாருங்க."

"எந்த ஞாயித்துக்கிழம?"

"அது சொல்லல."

ராமப்பன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "அங்க போயும் அதே பேச்சா" என்று முனகியபடி இறங்கிப் போனார். வினோதா இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள், மணிக்கட்டுகளை நீவிவிட்டுக்கொண்டாள், குழாய்க்கடியில் நிரம்பியிருந்த பக்கெட்டை நகர்த்திவிட்டுக் காலி பக்கெட்டை வைத்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.