ஆறாம் எண் கதவு

கையை நீட்டி வாங்கி மேசைமேல் வைத்த பிறகுதான், எதற்கு என்று கேட்கவே இல்லை என்பது கோரினுக்கு உறைத்தது. சிவப்புத் துணியில் முடிந்த ஒரு பிடி புகையிலை. காதில் தொலைபேசி, மறுமுனையில் விடுதிக் கொதிகலன் மூன்று நாளாக ஓடவில்லை என்று யாரோ குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே கல்லூரி மாணவி ஷெல்பி நின்றாள். அவள் முடிச்சை நீட்டினாள், இவள் வாங்கிக்கொண்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. மேடையில் தங்கள் தலைமுடியில் இறகு கட்டிவிட கோரின் அத்தைதான் வர வேண்டும் என்று அந்த வாரத்தில் மட்டும் நாலு பெண்கள் புகையிலையோடு வந்து போயிருந்தார்கள். இவள் ஐந்தாவது என்று கை தானாக நீண்டுவிட்டது.

அந்த ஏரிக்கரையில் பிறந்த எவளும் செய்யக்கூடாத தவறு அது. ஒஜிப்வே பழங்குடி வீடுகளில் நடக்கப் பழகும்போதே இது தெரிந்துவிடும். பெரிதாக ஒன்று கேட்க வேண்டும் என்றால் வெறுங்கையோடு போகக் கூடாது. புகையிலையை நீட்டிக் கேட்க வேண்டும். முடியாது என்றால் எதிரில் இருப்பவர் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கிவிட்டால் செய்தாக வேண்டும். ஐம்பத்தாறு வயதில் கோரின் கேட்காமலே வாங்கிவிட்டாள்.

தொலைபேசியை வைத்ததும் ஷெல்பி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, வியாழக்கிழமை என் வீட்டுக் கதவைத் திறக்காதீங்க."

கோரினுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கல்லூரியின் நாலு வாசலிலும் நிற்கிற பலகைகளில் கீழே இருப்பது அவள் கையெழுத்து. மது கூடாது, போதை கூடாது, புகை கூடாது, சடங்குப் புகையிலை மட்டும் விலக்கு. மாதம் ஒரு வியாழக்கிழமை குடும்பக் குடியிருப்பின் பன்னிரண்டு வீடுகளையும் திறந்து பார்ப்பது அவள் வேலை. பிள்ளைகள் அவளுக்கு மோப்பக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள், அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் மூக்கை உறிஞ்சிக் காட்டுவாள். அவளிடம் போய் இப்படிக் கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். ஷெல்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அவளுடைய அண்ணன் டார்வின் பதினோரு நாளாக ஆறாம் எண் வீட்டில் இருக்கிறான். துலூத் நகரத்துப் போதை மறுவாழ்வு இல்லத்தில் இடத்துக்காக ஏழு வாரம் காத்திருந்து, இப்போதுதான் ஒன்று காலியாகிறது. திங்கட்கிழமை காலை போக வேண்டும். அதுவரை அவனுக்குப் போக்கிடம் கிடையாது, வெளியே இன்னும் ராத்திரியில் எல்லாம் உறைந்துபோகிறது. இதையெல்லாம் ஷெல்பி மருத்துவமனையில் நோயாளி விவரம் ஒப்பிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். செவிலியர் படிப்பில் அவளுக்கு ஆறு வாரம்தான் பாக்கி. நாலு வயது மகள் மீக்வன் பகலில் கல்லூரியின் குழந்தைகள் காப்பகத்தில் இருப்பாள், ராத்திரியில் தாயும் மகளும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பார்கள்.

"உள்ள எதாவது வச்சிருக்கானா?" என்று கோரின் கேட்டாள்.

"என்கிட்ட கேக்காதீங்க அத்தை. கேட்டா சொல்லிடுவேன். சொன்னா நீங்க எழுதணும்."

அது சரிதான். எழுதினால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும். விருந்தாளி கொண்டுவந்தது, எனக்குத் தெரியாது என்ற பேச்சே எடுபடாது. அப்படி விதி எழுதியதும் கோரின்தான்.

"இத நான் திருப்பிக் குடுத்தா?"

"வாங்கிப்பேன். ஆனா நீங்க குடுக்க மாட்டீங்க."

ஷெல்பி எழுந்து போய்விட்டாள். கோரினுக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிடத் தன் கைமேல் வந்தது.

நாலு வருடத்துக்கு முன்பு விதி இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. கதவைத் தட்டுவாள், உள்ளே இருந்து குரல் வந்தால் போதும், அடுத்த கதவுக்குப் போய்விடுவாள். பிள்ளைகளுடைய மானம் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்த காலம். மாணவர் விடுதியில் பதினோராம் அறையில் வின்ஸ் என்று ஒரு பையன் இருந்தான், உயரமானவன், கணக்கில் புலி. அன்றைக்குத் தட்டியபோது, "தூங்கிட்டிருந்தேன் அத்தை, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். குரலில் ஒரு கொழகொழப்பு இருந்தது. தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொண்டு, சோம்பேறி என்று வாயார வைதுவிட்டு நகர்ந்தாள். சாயங்காலம் கூட்ட வந்தவள் கண்டுபிடித்தபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. அடக்கத்தின்போது வின்ஸின் அம்மா கோரினைக் கட்டிக்கொண்டாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலாம் என்று கோரின் பல நாள் நினைத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் தட்டு, திற, முகத்தைப் பார் என்று விதி வந்தது. குரலை நம்பி எந்தக் கதவையும் தாண்டக் கூடாது. கண்ணில் பட்டதை எழுதாமல் இருக்கக் கூடாது. நாலு வருடத்தில் பதினேழு பேர் வீட்டைக் காலி செய்திருக்கிறார்கள், ஒருத்தரும் சாகவில்லை. வெளியே போன பதினேழு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று கோரின் தேடிப் பார்த்ததில்லை. அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்பதாலேயே தேடவில்லை.

புதன்கிழமை தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தாள். தங்கை, புகையிலையை வாங்கிவிட்டாய், இனி என்ன கேள்வி என்றாள். அடுத்த நிமிடமே, அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது, நீ என்ன பைத்தியமா என்றும் கேட்டாள். கோரின் தனக்குத்தானே இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அந்த இரண்டையும்தான். முடிச்சு மேலங்கிப் பையிலேயே கிடந்தது. அதைப் பிரித்து ஒரு மரத்தடியில் வைத்து வேண்டுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வைக்கக் கை வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் லைல் படிவத்தோடு வந்தான். பராமரிப்பு வேலைக்காரன், அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். இரண்டு பேரும் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். லைலுக்குப் புகை இல்லாமல் முடியாது, அதனால் வண்டியைக் கல்லூரி எல்லைக் கம்பத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அங்கே நடந்து போய்வருவான். உன் விதியால்தான் எனக்கு இடுப்பு இளைத்தது, அதற்கு நன்றி என்று அன்றைக்கும் சொன்னான். கோரின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான்.

ஒன்று, இரண்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் வீட்டில் போர்வைக்கு அடியிலிருந்து ஒரு வால் எட்டிப் பார்த்தது. குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது. அந்த வீட்டுப் பையன் அது விருந்தாளி என்றான். "விருந்தாளிக்கு மூணு மாசமா நீ சாப்பாடு வாங்கறத நான் பாத்துட்டுதான் இருக்கேன்" என்று லைல் சொல்லி, நாய் என்று படிவத்தில் எழுதினான். கோரின் அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். நாயை எழுதுகிற கை ஆறாம் வீட்டை எழுதாமல் விடப்போகிறதா என்று நினைத்துக்கொண்டாள், அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆறாம் வீட்டுக்கு மரப்படி மூன்று. லைல் ஏறித் தட்டினான். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினான்.

"யாரு?" ஆண் குரல்.

லைல் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஷெல்பி மருத்துவமனைப் பயிற்சிக்குப் போயிருந்தாள், மூன்றரை மணிப் பேருந்தில்தான் வருவாள். அது அவனுக்கும் தெரியும்.

"கல்லூரி ஆளுங்க. எப்படி இருக்கே?" என்றாள் கோரின்.

"நல்லாத்தான் இருக்கேன். தூங்கிட்டிருந்தேன்."

வின்ஸ் சொன்னதுதான். அதே வார்த்தைகள், அதே கொழகொழப்பு. ஒரு கையில் பன்னிரண்டு கதவுகளின் சாவிக்கொத்து, பையில் விட்ட மறு கையில் அந்த முடிச்சு.

"லைல், நீ ஏழாம் வீட்டுக்குப் போ."

"ஆறுக்கு என்ன எழுத?"

"காலியா விடு."

"நாலு வருஷத்துல ஒரு கட்டம்கூட நீ காலியா விட்டதில்ல கோரின்."

"தெரியும். போ."

அவன் பென்சிலைக் காதில் செருகினான். ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் கை பையில் எதையோ இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்துக் கேட்காமல் விட்டான். தன் மேலங்கியைக் கழற்றி ஈரமாயிருந்த படியில் மடித்துப் போட்டான். "உக்காந்துக்கோ. முட்டிவலிக்காரி" என்று சொல்லிவிட்டு வெறும் சட்டையோடு பனியில் இறங்கி நடந்தான்.

கோரின் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"டார்வின், நான் சொல்றதக் கேளு. இந்தக் கதவத் திறக்க மாட்டேன்னு உன் தங்கச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா உன் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும். சத்தம் நின்னா திறப்பேன். திறந்தா பாப்பேன், பாத்தா எழுதுவேன், எழுதினா அவளுக்கும் குழந்தைக்கும் வீடு இல்ல. அவ வர்ற வரைக்கும் பேசு."

உள்ளே கால் இழுபடும் ஓசை. பிறகு கதவின் மறுபக்கம், தரையை ஒட்டி, ஓர் உடம்பு சாய்ந்து உட்காருகிற சத்தம்.

"நீங்க அந்தப் பலகை அத்தையா?"

"ஆமா."

"என்ன பேசணும்?"

"எதையாவது பேசு. பொய்யா இருந்தாலும் சரி."

அவன் பேசினான். பனி உருகியதும் அப்பாவோடு வலை போடப் போனதைச் சொன்னான். ஷெல்பி சின்னவளாக இருந்தபோது மீனுக்கு வலிக்கும் என்று ஒவ்வொன்றையும் முத்தமிட்டு வாளியில் போடுவாளாம். ரத்த அழுத்தம் பார்க்க அவள் பழகியது இவன் கையில்தான். "ரெண்டு தடவ நான் செத்துட்டதா சொன்னா. மூணாந்தடவதான் உயிர் வந்துச்சு" என்றான். கோரின் சத்தமாகச் சிரித்தாள், அவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே. திங்கட்கிழமை என்ன போட்டுக்கொண்டு போவாய் என்று கேட்டாள். ஒரு நல்ல சட்டை இருக்கிறது, ஷெல்பி துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள் என்றான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது.

பயமாக இருந்தது. இத்தனை வருடம் தட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களிடம் அவள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான், உள்ளே என்ன இருக்கிறது. உள்ளே இருப்பது யார் என்று கேட்டதில்லை. இதை நினைக்க இதுவா நேரம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கைப்பையிலிருந்து, போதை மிஞ்சி மூச்சு நின்றால் மூக்கில் அடிக்கிற மருந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முடிச்சைப் பிரித்தாள். படியின் ஓரத்தில் பனியை விலக்கி, மண் தெரிந்த இடத்தில் அந்தப் புகையிலை முழுவதையும் வைத்தாள். எதைக் கேட்பது என்று அவளுக்கே தெளிவில்லை. எல்லாவற்றையும் கேட்டாள்.

மூன்று மணிக்கு மேல் அவன் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கின.

"பேச முடியலன்னா தட்டு. விரலால தட்டினா போதும்" என்றாள்.

தட்டினான். அவளுடைய முதுகெலும்பில் அது கேட்டது. அவள் எழுந்து ஆறாம் எண் சாவியைத் துவாரத்தில் நுழைத்தாள், திருப்பவில்லை. பத்து எண்ணுவேன், அதற்குமேல் பொறுக்க மாட்டேன் என்று அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள். நாலில் தட்டினான். அடுத்த தடவை ஆறு. பிறகு ஐந்து. பிறகு எட்டு. ஒவ்வொரு தடவையும் அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். பேருந்து வந்து நின்ற சத்தம் கேட்டது, கிளம்பிப் போன சத்தமும் கேட்டது. காப்பகத்திலிருந்து குழந்தையை அழைத்துக்கொண்டு வர எவ்வளவு நேரமாகும்?

வந்துவிட்டார்கள். பாதையின் அந்தக் கோடியில் நீல உடுப்பில் ஷெல்பி, அவள் கையைப் பிடித்தபடி மீக்வன். காலையில் போன பெரியவர்களின் காலடித் தடங்கள் பனியில் இறுகிக் கிடந்தன. குழந்தை ஒன்றைக்கூட விடாமல் ஒவ்வொரு தடத்திலும் தன் சின்னக் காலைப் பொருத்திப் பொருத்தி வந்துகொண்டிருந்தாள்.

ஷெல்பி நிமிர்ந்து பார்த்தாள். தன் வீட்டுப் படியில் கோரின், கதவில் சாவி. நடந்து வந்தவள் நின்றுவிட்டாள். வாக்கை மீறிவிட்டீர்கள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது அவ்வளவு தூரத்திலிருந்தே கோரினுக்குத் தெரிந்தது. அப்படி இல்லை, ஓடி வா என்று கத்த வாய் திறந்து, கத்தினால் தட்டும் சத்தம் கேட்காதே என்று மூடிக்கொண்டாள். கையை மட்டும் வீசி வீசி அழைத்தாள். ஷெல்பி நகரவில்லை.

ஏழு. உள்ளே தட்டும் சத்தம் இல்லை.

குழந்தை அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தனியாக அடுத்த தடத்துக்குக் கால் நீட்டினாள். அது அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, விழாமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு, என்றாள் கோரின்.