சிவப்பு நூல் இரண்டு விரல் தள்ளி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்து, ‘அட, இவ்வளவுதானா சங்கதி’ என்று உதட்டைப் பிதுக்கினால் என்னால் தாங்க முடியாது. யாருடைய பொறாமை என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். [எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு தூரம்.]

முதலில் எழுதிய தொடக்கம்: “பருவங்கள் மாறுகின்றன, மனிதர்களும்தான்.” அடித்துவிட்டேன். காலண்டரில் போடுகிற வரி.

இரண்டாவது: “நான்கு நண்பர்கள் தினமும் காலையில் கைகால்களை நீட்டி மடக்கினார்கள்.” உண்மைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு எந்த மகராசன் அடுத்த வரிக்குப் போவான்?

மூன்றாவது: “அந்தப் பல் டாக்டர் மட்டும் வந்து சேராமல் இருந்திருந்தால்

இதை முடிக்கவில்லை. முடித்தால் அது திட்டாகிவிடும்.

2

கமா என்பது அந்த நால்வரில் ஒருத்தியின் பட்டப்பெயர். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. சாப்பாட்டுக்கடைப் பலகையில் எழுத்து விட்டுப்போயிருந்தால்கூடப் படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிற ஜாதி. அவளுடைய இருபது வருடத் தோழி தையல்காரி. தையல்கடை கீழே, வெட்டுமேசை போட்ட பெரிய அறை மேலே. மூன்றாவது ஆள் லிஃப்ட் மெக்கானிக். இடுப்பு வளையாது, வாய் ஓயாது.

வெயில் காலத்தில் மொட்டை மாடி, மழையில் வண்டி நிறுத்துகிற கொட்டகை, குளிரில் தையல்காரியின் மேல் அறை. காலை ஆறரைக்குக் கழுத்தைச் சுற்றுவார்கள், குனிந்து கால்விரலைத் தொடப் பார்ப்பார்கள், மெக்கானிக் “ஐயோ, செத்தேன்” என்பார், சிரிப்பார்கள். பெரிய உடற்பயிற்சி எல்லாம் கிடையாது.

ஒரே ஒரு விசேஷம் உண்டு. மிச்சத் துணியில் ஆளுக்கொரு பட்டை தைத்துக் கொடுத்திருந்தாள் தையல்காரி. ஒரு கையைத் தோளுக்கு மேலாகவும் மறு கையை இடுப்புப் பக்கமாகவும் முதுகுக்குப் பின்னே கொண்டுபோய், நடுவில் அந்தப் பட்டையைப் பிடிக்க வேண்டும். மேல் கை நுனியைப் பிடிக்கும். கீழ்க் கை எதுவரை ஏற வேண்டும் என்பதற்குச் சிவப்பு நூலில் ஒரு மேடான தையல். தடவினாலே தெரியும், பார்க்க வேண்டாம். வெயிலில் உடம்பு இளகும் என்று தையலை நுனிக்குக் கொஞ்சம் பக்கமாக வைப்பாள். குளிரில் இறுகும் என்று தள்ளி வைப்பாள். பருவம் மாறும்போதெல்லாம் எல்லாப் பட்டையிலும் பழைய நூலைப் பிரித்துப் புதிதாகப் போடுவது அவள் வேலை. வேறு யாரும் தொடக் கூடாது.*

* அவள் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். பின்னால் யாரும் ‘எனக்குத் தெரியாதே’ என்று தப்பிக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

3

போன வெயில் காலத்தில் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். தையல்காரியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். பல்லைப் பிடுங்கினோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதானே?

இரண்டாம் வரைவில் அவரைக் கர்வக்காரியாக ஆக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனுஷி தங்கமானவர், அதுதான் கொடுமை. மூன்றாம் வரைவில் வெளியூருக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தேன். சொந்தக் கிளினிக் வைத்திருப்பவரை யார் மாற்றுவது? கதாபாத்திரம் என்று நினைத்தால் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டாமா? வந்து உட்கார்ந்துகொண்டு, ஆறரைக்கெல்லாம் சிரித்த முகமாக “குட் மார்னிங்” என்கிறார்.

கமாவின் வயிறு எரிந்ததற்குக் காரணங்கள் சில்லறையானவை. அவளுக்குத் தையல்காரியிடமிருந்து ‘டி’ கிடைக்க நான்கு வருடமாயிற்று. அதுவரை ‘வாங்க, போங்க’தான். டாக்டருக்கு நான்கே வாரம்.

“வாடி டாக்டரு, இன்னைக்கு லேட்டா?”

கமா அப்போது குனிந்து கால்விரலைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க, மாட்டிக்கிச்சா? எண்ணெய் போடணுமா?” என்றார் மெக்கானிக்.

பிறகு குளிர் வந்தது. மேல் அறைக்கு மாறினார்கள். தையல்காரி நான்கு பட்டையிலும் நூல் மாற்றிவிட்டு, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள்.

“பாரேன் கமா! எனக்கும் இவளுக்கும் ஒரே அளவு. நூல் பிசகல. கூடப் பொறந்தவங்களுக்குக்கூட இப்பிடி அமையாது.”

“ரொம்ப சந்தோஷம்” என்றாள் கமா. இருபது வருடத்தில் இவ்வளவு பெரிய பொய்யை அவள் சொன்னதில்லை.

4

மதியம் கடை சாத்தியிருக்கும். மாற்றுச் சாவி கமாவிடம்தான் உண்டு. [டாக்டரிடம் இல்லை. இதை எழுதும்போது ஒரு அற்ப சந்தோஷம் வருகிறது, மன்னியுங்கள்.]

டாக்டரின் பட்டை ஆணியில் தொங்கியது. கமா நூலைப் பிரித்தாள். இரண்டே இரண்டு விரல், நுனிப் பக்கமாக நகர்த்தித் தைத்தாள். மறுநாள் டாக்டருக்குக் கை எட்டாது, எல்லோர் முன்னாலும் திணறுவார், ‘ஒரே அளவு’ என்ற பேச்சு ஒழியும். அவ்வளவுதான் நினைத்தேன். யாருக்கும் அடிபடும் என்று சத்தியமாக

நினைத்தாள். அவள் நினைத்தாள்.

சரி, விடுங்கள். எழுதிவிட்டேன், இனி அடித்து என்ன பயன்? அச்சகத்தில் பதினெட்டு வருடமாக அடுத்தவன் பிழையைத் திருத்துகிறேன். என் வரியில் நானே வழுக்கி விழுகிறேன். கமா நான்தான்.

5

மறுநாள் தையல்காரி தன் பட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

“இந்தா, என்னுத எடுத்துக்க. நமக்குத்தான் ஒரே அளவாச்சே” என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறந்தேன். “வேண்டாம்” என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டு கீழ்க் கையைச் சிவப்பு நூல்வரை ஏற்றினாள். எட்டவில்லை. தன் தையல் தப்பாக இருக்காது என்ற நம்பிக்கையில் இன்னும் இழுத்தாள். வலது தோளில் ‘சுருக்’கென்று பிடித்துக்கொண்டது. கத்தரி பிடிக்கிற கை.

இருபது நாளாகக் கடையில் வெட்டு வேலை இல்லை. டாக்டர் தினமும் வந்து ஒத்தடம் கொடுக்கிறார். இருவரையும் பிரிக்கப் பார்த்து நானே கோர்த்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

6

முடிவுகள்.

அ) கமா உண்மையைச் சொல்கிறாள். தையல்காரி சிரித்துக்கொண்டே கட்டிக்கொள்கிறாள். — அவள் அப்படிப்பட்டவள் இல்லை. தப்பான அளவு கொடுத்த வாடிக்கையாளரைக்கூட மன்னிக்க மாட்டாள்.

ஆ) யாருக்கும் தெரியாமலே போகிறது. தோள் ஆறுகிறது. — இதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அன்றே அவள் இடது கையால் அந்த நூலைத் தடவிப் பார்த்தாள். நான் எதைத் தைத்தாலும் கடைசியில் ரெட்டை முடிச்சுப் போடுவேன். ‘ஏண்டி, துணிக்கு என்ன பூட்டா போடுற?’ என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள்.

“இது என் தையல் இல்ல” என்றாள். அவ்வளவுதான். பட்டையை மடித்துப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினாள். யார் என்று கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ‘டி’ கிடையாது. “வந்தீங்களா? உக்காருங்க.” அவ்வளவுதான் பேச்சு.

இ)

வாசகரே, நீங்கள் கொஞ்சம் ஒதுங்கி உட்காருங்கள். இது உங்களுக்கு இல்லை.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பது நீதான். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியாலேயே ஓரத்தில் ஏதாவது கிறுக்கித் தருவாய். என் பக்கமெல்லாம் வெள்ளைத் தூளாக இருக்கும். நாளைக் காலை ஆறரைக்கு இந்தத் தாள்களை வெட்டுமேசையில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கமாக நின்றுகொண்டிருப்பேன். டாக்டரும் படிக்கட்டும், பரவாயில்லை. பரவாயில்லை என்பது பொய். இருந்தாலும் படிக்கட்டும்.

மாற்றுச் சாவியையும் தாள்கள் மேலேயே வைக்கிறேன். திரும்பத் தருவதும் தராததும் உன் இஷ்டம்.

கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். வலது கை முடியாவிட்டால் இடது கையால் எழுது, கோணலாக இருந்தாலும் நான் திருத்த மாட்டேன். திட்டி எழுது. வாய்க்கு வந்தபடி திட்டு.

‘டி’ போட்டுத் திட்டு.