சட்டைப் பையில் பிரஷ்

சாயங்காலம் டெய்லரம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போது டிரைவர் மறக்காமல் எடுத்துப் போவது மூக்குக் கண்ணாடியை அல்ல, பல் துலக்கும் பிரஷ்ஷை. ஈரம் போக உதறி, காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொள்வார். ஆறு வருஷமாக இதே கதைதான். முதல் காபியை டெய்லரம்மாவின் முகம் பார்த்துத்தான் குடிப்பேன் என்று ஒரு பிடிவாதம். விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். ஆனால் பிரஷ் மட்டும் அந்த வீட்டில் தங்கக்கூடாது.

இருவரும் பழகியது பிசியோதெரபி அறையில். பஸ் ஓட்டி ஓட்டித் தேய்ந்த முதுகெலும்பு அவருக்கு. தசையெல்லாம் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய் அவளுக்கு. அவர் மனைவியை இழந்தவர். அவள் தைத்துக்கொண்டே கல்யாண வயதைக் கடந்தவள்.

அவளைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, உடை மாற்ற, நலத்துறை தினமும் நான்கு மணி நேரம் ஒரு உதவிப் பெண்ணை அனுப்பியது. தனியாக வசிப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இருந்தால் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த ஆளால் அரை வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது என்று எழுதப் படிவத்தில் இடமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாகச் சொல்லாமல் கொள்ளாமல் வரும் ஆய்வாளர், குளியலறை டம்ளரில் எத்தனை பிரஷ் என்றுகூட எட்டிப் பார்ப்பார்.

அதனால் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். டெய்லரம்மா ஆய்வாளராக முகத்தை இறுக்கிக்கொள்வாள்.

"இவங்க உங்களுக்கு யாரு?"

"தெரிஞ்சவங்க சார். துணி தைக்கக் குடுத்திருக்கேன்."

"ஆறு வருஷமாவா?"

"டெய்லருங்க வேற எப்படி சார்? நாளைக்கு வா, நாளைக்கு வான்னுதான் இழுப்பாங்க."

அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சரிவாள். நிமிர்த்தி விட அவர் முதுகுக்குத் தெம்பு இருக்காது. உதவிப் பெண் வரும்வரை சரிந்தபடியே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டில் இருக்கும் அவள் தம்பி போனில் பேசுவான். அவரை "மாமா" என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான். அவன் இருக்கும் நாட்டில் நோயாளியைக் கவனிக்கும் கணவனுக்குச் சம்பளம் தருவார்களாம். அந்தக் கணவன் ஓய்வெடுக்க வருஷத்தில் இரண்டு வாரம் வேறு ஆளையும் அனுப்புவார்களாம். தம்பி மனைவி பிறந்த நாட்டிலோ உதவி என்று ஒருத்தரும் வர மாட்டார்கள். பிரஷ்ஷை எண்ணவும் வர மாட்டார்கள்.

"உன் பொண்டாட்டி ஊர்ல கட்டிக்கிட்டு, இங்க குளிச்சுட்டு, உங்க ஊர்ல குடித்தனம் பண்ணலாம் மாப்ள," என்றார் டிரைவர். அன்று பஸ் ஏறும்போது மட்டும் அவர் திரும்பிக் கையசைக்கவில்லை.

ஒரு காலை காபி ஆறிப்போனது. பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக மதியம்தான் தெரிந்தது. உதவிப் பெண் சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நெருங்கிய உறவினருக்கு மட்டும் அனுமதி. பார்வையாளர் படிவத்தில் 'மனைவி' என்று எழுதினாள்.

"அக்கா, யோசிச்சுக்கோங்க. ஆபீசுக்குத் தெரிஞ்சா என்னை நிறுத்திடுவாங்க."

"ஆறு வருஷம் யோசிச்சாச்சு. போதும்."

உதவிப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டு நர்ஸ் நாற்காலியை உள்ளே தள்ளினாள். அவர் பாதி மயக்கத்தில் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் ஃபைலோடு நர்ஸ் குனிந்தாள்.

"ஐயா, இவங்க உங்களுக்கு யாரு?"

அவர் கண்கள் அட்டையைப் பார்த்தன, ஃபைலைப் பார்த்தன. அப்புறம்தான் அவளைப் பார்த்தன.

"தெரிஞ்சவங்க சார்," என்றார், மூச்சு வாங்க. "துணி தைக்கக் குடுத்திருக்கேன்."

நர்ஸ் சங்கடத்தோடு நிமிர்ந்தாள். நான் இவர் மனைவிதான், எனக்காகத்தான் இப்படிச் சொல்கிறார் என்றாள் டெய்லரம்மா. காட்டுவதற்கு ஒரு தாலியோ தாளோ அவளிடம் இல்லை. நர்ஸ் 'மனைவி'யை அடித்துவிட்டுத் 'தெரிந்தவர்' என்று எழுதினாள். "ரெண்டு நிமிஷம் இருங்கம்மா. அதுக்கு மேல என்னால முடியாது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல. அவள் அவர் விரல் நுனியைத் தொட்டாள்.

"நாளைக்கு வாங்க," என்றாள். "தைச்சு வச்சுடறேன்."

அவர் உதடு லேசாக விரிந்தது.

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார். உடலையும் உடைமைகளையும் அவருடைய அண்ணன் மகன் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனானாம். உடைமைகளில் ஒரு சட்டை. அதன் பையில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். எனக்குக் கொடு என்று கேட்க எந்த உறவும் எழுத்தில் இல்லை.

அடுத்த மாதம் ஆய்வாளர் வந்தார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"போன வருஷத்துக்கு இப்ப ஏதாவது மாற்றம் உண்டாம்மா?"

வாசலுக்கு வெளியே ஒரு பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது.

"இல்ல சார்," என்றாள்.

நான்கு மணி நேரம் தொடரும் என்று எழுதிவிட்டு அவர் எழுந்தார்.