பூசையில் இருந்த பிரஷ்

சரஸ்வதி பூசைக்கு எல்லோரும் பிள்ளைகளின் புத்தகத்தை வைப்பார்கள். துஷாந்தினி வைத்ததோ வேலை பார்க்கும் வீட்டுக் கிழவருடைய பிரஷ். கேட்டுத்தான் எடுத்தாளா? இல்லை. அவர் மத்தியான நித்திரையில் இருந்தார்; எழுப்ப மனம் வரவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே என்று கைப்பையில் போட்டுக்கொண்டு, கிழவர் வீடு இருந்த இல்-பிசாரில் பஸ் ஏறிக் கார்ட்டியர்வில்லில் உள்ள தன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கிழவர் ஹார்க்கம் இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். கப்பல் கம்பனிகளின் கலண்டர்களுக்கு நீர்வர்ணத்தில் கப்பல் வரையத் தொடங்கி, அந்தக் கப்பல்களின் பின்னாலேயே மொன்றியல் வரை வந்து, வாழ்நாள் முழுக்கத் தண்ணீரையும் அதில் மிதப்பதையும் தவிர வேறெதையும் வரையாத மனிதர். இப்போது கை நடுங்குகிறது. கண்காட்சிக்கு வரையும் பெரிய படம்தான் கடைசி, பிறகு வர்ணப்பெட்டியை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கை ஓய்வதற்குள் சரஸ்வதி ஒருமுறை பார்த்துவிடட்டும் என்பதுதான் துஷாந்தினியின் எண்ணம்.

பூசையன்று காலையிலேயே கிழவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என் அகலப் பிரஷைக் கண்டாயா? வானத்தை இன்னும் கறுப்பாக்க வேண்டும். அதற்கு அது ஒன்றுதான் சரிவரும். நாளைக்குக் கண்காட்சிக்காரர்கள் படத்தை எடுத்துப்போக வருகிறார்கள்."

தன்னிடம்தான் இருக்கிறது, நாளைக் காலை கொண்டுவருகிறேன் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

"கொண்டுபோய்க் குடுமன். அந்த மனுசன்ர கடைசிப் படமெல்லே," என்றான் கணவன் பிருந்தன்.

"வைச்சதை இண்டைக்கு எடுக்கக்கூடாதெண்டு உங்களுக்குத் தெரியாதே? விடிஞ்ச உடனை போறன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, படைத்த அவலைத் தொடாமல் தள்ளி வைத்தாள். வேலை போனால் இன்னொன்று தேடலாம். ஒரு மனிதரின் கடைசிப் படத்தைக் கெடுத்த பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? சரஸ்வதிமேல்கூடக் கோபம் வந்தது.

விஜயதசமியன்று முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். படம் யன்னலோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மூலையில் ஹார்க்கத்தின் கையெழுத்து.

"நேற்று முழுக்க இதன் முன்னால் சும்மா இருந்தேன்," என்றார். "முதலில் உன்மேல் கடுங்கோபம். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, படம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னொரு பூச்சுப் பூசியிருந்தால் வானம் சேறாகியிருக்கும். அப்படி நான் கெடுத்த படங்கள் கொஞ்சமல்ல."

துஷாந்தினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதிரையில் பொத்தென்று இருந்து, அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பிரஷை எடுத்து நீட்டினாள். பிடியில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

"கழுவிப் பெட்டியில் வைத்துவிடு. இனி அதற்கு வேலையில்லை."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பூசையில் வைத்ததை இன்றைக்குச் சும்மா உள்ளே வைக்கக்கூடாது, புதிதாக ஒன்று தொடங்கியே ஆகவேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றாள். கேளாமல் எடுத்தவள் சட்டம் பேசுகிறாள்! கிழவர் முறைத்தார். அவள் அசையவில்லை.

"என்னத்தைத் தொடங்குவது?"

"கப்பல்தான்," என்றாள்.

அவர் வெள்ளைத் தாள் ஒன்றை உருவிப் பலகையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.